வாத்துகளின் நலமறியும் முறை

ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்தில், லாபிசிலிருந்து யோங் பெங் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த சிற்றூர் சாஆ. செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் புல்லுக்கும் நீருக்கும் பஞ்சமில்லை. தோட்ட நிருவாகத்தின் இசைவோடு, வீட்டின் பின்புறம் பத்து இருபது வாத்துகளை வளர்த்துப் பெருநாட் காலத்தில் விற்றால், சம்பளத்திற்கு மேல் சிறிது வருவாய் கிட்டும் எனத் தொழிலாளர் எண்ணுவது இயல்பே. ஆயினும், குஞ்சு வாங்கிய பணம் வீடு திரும்புவதும் திரும்பாததும் ஒரே ஒரு திறனைப் பொறுத்துள்ளது. தாம் வளர்க்கும் பறவை நலமாக உள்ளதா, நலம் குன்றுகிறதா என்பதை அது சாவதற்கு முன்னரே கண்டறியும் திறனே அது. இக்கட்டுரை அதனைப் பற்றியதாகும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மலாய் மொழியில் ‘இத்திக்’ என்பது குட்டைக் கழுத்துடைய சிறு வாத்து. ‘அங்சா’ என்பது நீண்ட கழுத்தும் உரத்த குரலும் உடைய பெருவாத்து. நம் பேச்சு வழக்கில் இரண்டும் வாத்துதான். ‘ஹம்சம்’ என்னும் வடசொல்லே மலாயில் அங்சா ஆயிற்று. நம் இலக்கியங்கள் போற்றும் அன்னத்திற்கு இவ்வாறு ஓர் உறவுக்காரர் தோட்டத்துக் கால்வாயோரம் மேய்ந்து கொண்டிருக்கிறார் என்றும் சொல்லலாம்! இனி இக்கட்டுரையில் வாத்து என வருமிடமெல்லாம் பெருவாத்தையே குறிக்கும். அலகின் அடியில் புடைப்புடைய சீன வகை நம் பகுதிக்கு ஏற்றது. ஆண் 5 கிலோ, பெட்டை 4 கிலோ அளவிற்கு வளரும். நன்கு பேணப்பட்டால் 20 ஆண்டுகள்கூட உயிர் வாழும் பறவை இது.

நலம் என்பது யாது?

கொழுத்திருந்தால் நலம், முட்டையிட்டால் நலம் என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். 1964இல் ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கில மாது, தொழிற்சாலை முறையில் விலங்குகளை அடைத்து வளர்ப்பதைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அதனால் எழுந்த பொதுமக்கள் கிளர்ச்சியின் விளைவாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1965இல் அக்குழு வெளியிட்ட அறிக்கையும், 1979இல் அந்நாட்டில் நிறுவப்பட்ட பண்ணை விலங்கு நல மன்றத்தின் பணியும் சேர்ந்து ‘ஐந்து விடுதலைகள்’ என்னும் கொள்கையை உலகிற்கு அளித்தன. பசி தாகத்திலிருந்து விடுதலை. தங்குமிடத் தொல்லையிலிருந்து விடுதலை. வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விடுதலை. அச்சத்திலிருந்தும் துயரத்திலிருந்தும் விடுதலை. தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் விடுதலை ஆகியனவே அவை.

நம் நாட்டிலும் இக்கொள்கை சட்டமாகியுள்ளது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் (சட்டம் 772) 2017 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. விலங்கிற்குத் தக்க இடமும் உணவும் அளித்தல், இயல்பான நடத்தைக்கு இடங்கொடுத்தல், வலியினின்றும் நோயினின்றும் காத்தல் ஆகியன உரிமையாளரின் கடமை என்று அது கூறுகிறது. கொடுமை இழைத்தவருக்கு 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 100,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் அபராதம், அல்லது 3 ஆண்டுகளுக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெரும் பண்ணையாருக்கு மட்டுமன்று, பத்து வாத்து வைத்திருப்பவருக்கும் இச்சட்டம் பொருந்தும்.

மரத்தைப் பார்ப்பது போல

பறவையின் நலத்தை அளக்க இரு வழிகள் உள. கொட்டகையின் பரப்பு எவ்வளவு, தண்ணீர்த் தொட்டி எத்தனை, தீவனம் எத்தனை கிலோ என நாம் கொடுத்தவற்றைக் கணக்கிடுவது ஒரு வழி. பறவையின் உடலையும் நடத்தையையும் நேரே நோக்குவது மற்றொரு வழி. இவற்றின் வேறுபாட்டைப் பால் மரம் சீவும் தொழிலாளருக்கு விளக்கத் தேவையில்லை. கத்தி கூரியது, மங்கு தூயது, வெட்டும் நாளும் முறைப்படியே என்று ஏட்டில் எழுதியிருக்கலாம். ஆயினும் கங்காணி மரத்தடியில் நின்று பட்டையைப் பார்த்தால்தான் காயம் பட்டிருப்பது தெரியும். மங்கு நிறையப் பால் இருப்பதும் மரத்தின் நலத்திற்குச் சான்றன்று. அளவு கடந்து வெட்டிய மரம் முதலில் நிறையவே கொடுக்கும். பின்னர் பட்டை வறண்டு போகும். கொழுத்த வாத்தும் அவ்வாறே. எடை நிறைய இருக்கும், கால் தாங்காது.

ஆகவே இக்காலத்து அறிஞர் பறவையையே சான்றாகக் கொள்ளும் முறையை வற்புறுத்துகின்றனர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வாத்து, காடை முதலியவற்றின் நலம் குறித்து வெளியிட்ட விரிவான ஆய்வுரையிலும், கால் நொண்டுதல், தோற்புண், இறகுக் கேடு போன்று உடலிற் காணும் அடையாளங்களுக்கு முதன்மை தரப்பட்டுள்ளது.

கோழி, வான்கோழிப் பண்ணைகளில் ஆய்வாளர் கையாளும் ஒரு முறை நமக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றும். கொட்டகையை நீளவாட்டில் சில பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டையின் வழியாகவும் மெல்ல நடந்து, நொண்டுவது, காயம்பட்டது, இறகு உதிர்ந்தது, அழுக்கடைந்தது, எழாமல் கிடப்பது எனக் கண்ணிற்படும் பறவைகளை எண்ணிக் கொள்வர். எதனையும் பிடிப்பதில்லை, எதனையும் வெருட்டுவதில்லை. நிரை பிடித்து மரம் மரமாகப் போவதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. 20 வாத்துகளில் 3 நொண்டினால் நூற்றுக்கு 15 எனக் குறித்துக் கொள்க. அடுத்த வாரம் அது 5 ஆகியிருந்தால் நாம் செய்த மாற்றம் பலித்தது. 25 ஆகியிருந்தால் உடனே காரணம் தேட வேண்டும். ஒரு பழைய பள்ளிக் குறிப்பேடும் பென்சிலும் போதும். மனக்கணக்கை மட்டும் நம்ப வேண்டா. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல மெல்ல வரும் கேடு புலப்படுவதில்லை.

காலையில், தீவனம் வைப்பதற்கு முன் பார்ப்பது நல்லது. பால் வெட்டுக்குச் செல்வோருக்கு அந்நேரம் வாய்க்காது. மாலையில் மேய்ச்சல் முடிந்து கொட்டகைக்குத் திரும்பும்போது பார்க்கலாம். வாத்துகள் வரிசையாக நடந்து வரும் அக்காட்சியே நடையைச் சோதிக்க ஏற்ற தருணமாகும். எந்நேரமாயினும் நாள்தோறும் அதே நேரமாக இருக்கட்டும்.

காலும் நடையும்

வாத்தின் துன்பம் பெரும்பாலும் காலில்தான் முதலில் தெரியும். தடையின்றி நடப்பதற்கு 0, சாய்ந்தோ தயங்கியோ நடப்பதற்கு 1, நாலடி நடந்து உட்கார்ந்து விடுவதற்கும் எழவே மறுப்பதற்கும் 2 என மதிப்பிடுக. 2 பெற்ற பறவையைக் கூட்டத்திலிருந்து பிரித்து, தீவனமும் தண்ணீரும் அதன் அலகிற்கு எட்டும்படி வைக்க வேண்டும். ஆனால் தன் கூட்டத்தைப் பார்க்கவும் அதன் குரலைக் கேட்கவும் கூடிய இடத்திலேயே அதனை வைத்தல் வேண்டும். காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

பாதத்தின் அடியைப் பார்க்க ஐந்தாறு பறவைகளை மட்டும் பிடித்தால் போதும். கருமையான பொருக்கும் அதன் கீழ் வீக்கமும் இருப்பின், தரை கரடாகவோ ஈரமாகவோ உள்ளது என்பது பொருள். சிமெந்துத் தரை கழுவுவதற்கு எளிதென்று விரும்புவோர் பலர். மென்மையான மண்ணிலும் புல்லிலும் நடப்பதற்கென அமைந்த சவ்வுப் பாதத்திற்கு அது ஏற்றதன்று. மரத்தூளோ உலர்ந்த வைக்கோலோ பரப்பி, நனைந்த பகுதியை அவ்வப்போது அள்ளி எறிதல் அவசியம்.

குஞ்சுகளின் கால் வளைந்து, முட்டி வீங்கினால், அது பெரும்பாலும் நியாசின் என்னும் வைட்டமினின் குறைவாகும். நீர்ப்பறவைக் குஞ்சுகளுக்குக் கோழிக்குஞ்சைவிட அது அதிகம் தேவை. கடையில் வாங்கிய கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டும் கொடுத்து வளர்ப்போர் காணும் தொல்லை இது. ரொட்டி, பியர் வடிக்கப் பயன்படும் ஈஸ்டைச் சிறிதளவு தீவனத்திற் கலப்பது பயன் தரும். மருந்து கலந்த கோழித் தீவனத்தைக் கால்நடை அதிகாரியைக் கேட்காமல் வாத்துக் குஞ்சுகளுக்கு இடலாகாது.

இறக்கையும் இறகும்

இறக்கையின் நுனி உடலோடு படியாமல் வெளிப்புறமாகத் திரும்பி நிற்பதைச் சில பறவைகளிடம் காணலாம். அது அடிபட்ட முறிவன்று. சத்து மிகுந்த தீவனத்தை வயிறு முட்டக் கொடுத்ததால், எலும்பு உறுதி பெறுமுன் இறகு கனத்து இறக்கையை இழுத்ததன் விளைவு. அன்பு மிகுதியால் சோற்றையும் ரொட்டியையும் அள்ளிப் போடும் வீடுகளில் இதனைக் காணலாம். குஞ்சுப் பருவத்திலேயே கண்டுபிடித்து, இறக்கையைச் சில நாட்கள் மடித்துக் கட்டி, தீவனத்தைக் குறைத்துப் புல்லை மிகுதியாக்கினால் சரியாகும். வளர்ந்த பறவைக்குத் தீராது.

இறகு நனைந்து உடலோடு ஒட்டிக் கிடப்பது மற்றோர் எச்சரிக்கை. வாத்தின் இறகு நீரை ஒட்டவிடாதது என்றே நாம் அறிவோம். வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்து இறகிற் பூசி, கோதி, அடுக்கிக் கொள்வதால்தான் அத்தன்மை நிலைக்கிறது. குளிக்க நீரில்லாத பறவையும், சேற்றிலேயே கிடக்கும் பறவையும், நோயுற்ற பறவையும் கோதுவதை விட்டுவிடும். பின்பு மழை உடலுக்குள் இறங்கும். தாயில்லாமல் வளரும் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ முதல் 4 வாரங்கள் இவ்வெண்ணெய்க் காப்பு போதாது. ஒரு மாலை மழை போதும், காலையில் கூடு நிறையப் பிணம். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு விளக்கின் சூடும், அதன் பின்னும் கூரையும் வேண்டும். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர்கிறது. விளக்கை விட்டு விலகி வாய் பிளந்து கிடந்தால் வெப்பம் மிகுந்துள்ளது. இதற்கு வெப்பமானி கூடத் தேவையில்லை.

முதுகிலும் கழுத்திலும் இறகு பிடுங்கப்பட்டிருந்தால் நெரிசல் என்று கொள்க; அல்லது ஆண் பறவைகள் மிகுதி என்று கொள்க. ஓர் ஆணுக்கு நான்கு அல்லது ஐந்து பெட்டைகள் என்பது சீன வகைக்குத் தக்க கணக்கு.

கண்ணும் தண்ணீரும்

வாத்துக்குக் குளம் வேண்டுமா என்பது அடிக்கடி எழும் வினா. குடிக்க மட்டும் ஒரு சிறு குழாய் வைத்தால் போதும் என்போரும் உளர். கண்ணின் ஓரத்தில் பீளை உலர்ந்து ஒட்டியிருக்கிறதா, மூக்குத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். தலையை நீருள் அமிழ்த்திக் கழுவ இயலாத பறவைக்கு இவையிரண்டும் வரும். 1999இல் ஐரோப்பிய மன்றம் வீட்டு வாத்துகளுக்கென வகுத்த பரிந்துரையில், குளிக்க நீர் இயலாவிடினும், தலை மூழ்கும் ஆழமும், நீரை அள்ளி உடல்மேல் தெளித்துக் கொள்ளும் வாய்ப்பும் இருந்தாக வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது. பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை நாள்தோறும் கழுவி நிரப்பினால் இத்தேவை நிறைவேறும். குஞ்சுகள் விழுந்து ஏற முடியாமல் இறக்காதிருக்க, உள்ளே இரண்டு செங்கற்களைப் படிபோல் வைத்திடுக.

கண் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் நெடியை நீங்கள் நன்கறிவீர்கள். அதே அமோனியா வாத்தின் எச்சத்திலிருந்தும் எழுகிறது. மூடிய கொட்டகைக்குள் நின்று முகர்வதால் பயனில்லை. வாத்தின் தலை இருக்கும் உயரத்திற்குக் குந்தி உட்கார்ந்து இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால், இரவு முழுதும் அங்கே கிடக்கும் பறவையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்திற்கே உரிய ஆபத்துகள்

வாத்து புல்லை மேயும் பறவை. புல்லின் நாரை அதன் குடல் நன்கு செரிப்பதில்லை. ஆதலால் பகலின் பெரும்பொழுதும் மேய்ந்துகொண்டேயிருக்கும். அமெரிக்காவில் பருத்தி வயல்களில் களை எடுக்கவே வாத்துகளைப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் நம் தோட்டங்களில் களைக்குக் கொல்லி மருந்தும் அடிக்கப்படுகிறது. பாராகுவாட் என்னும் கொடிய மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பிற மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. மருந்தடிக்கும் நாளையும் நிரையையும் முன்கூட்டியே கேட்டறிந்து, அப்பக்கம் பறவைகளை விடாதிருப்பது வளர்ப்போரின் பொறுப்பாகும். செம்பனைக் காட்டில் வைக்கப்படும் எலி மருந்தும் அத்தகையதே. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் காலிப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியாக ஒருபோதும் பயன்படுத்த வேண்டா. பால் கொட்டகையின் கழிவுநீர் ஓடும் கால்வாயைக் கண்டால் வாத்து மகிழ்ந்து இறங்கும். வேலியிட்டுத் தடுப்பதே வழி.

வெள்ளக் காலத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 2006 டிசம்பரிலும், 2007 ஜனவரியிலும், 2011 ஜனவரியிலும், 2023 மார்ச்சிலும் சிகாமட் மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது. நீர்ப்பறவைதானே, மிதந்து தப்பும் என்பது பாதி உண்மையே. வெள்ளம் வடிந்த பின்னரே இடர் தொடங்குகிறது. நனைந்து பூசணம் பிடித்த தீவனத்தை உண்ட குஞ்சுகளும், அதன் தூளை முகர்ந்த குஞ்சுகளும் நுரையீரல் நோயால் வாய் திறந்து இளைத்து மடியும். செடியும் செத்த உயிரினங்களும் அழுகிய தேங்கு நீரில் உண்டாகும் நஞ்சு கழுத்துத் தசையைத் தளர்த்திவிடும். கழுத்தை நிமிர்த்த இயலாமல் தரையில் கிடத்தியிருக்கும் வாத்தைக் கண்டால், மற்றவற்றை அக்குட்டையிலிருந்து அந்நொடியே அகற்ற வேண்டும். நனைந்த தீவன மூட்டையை வெயிலில் உலர்த்திப் பயன்படுத்த எண்ணாதீர்கள். மூட்டையின் விலையைவிடக் குஞ்சுகளின் விலை அதிகம்.

வாத்திருக்கும் வீட்டிற்குப் பாம்பு வராது என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். வாத்து கூச்சலிட்டு நம்மை எழுப்பும் என்பது மெய். ரோமாபுரியைக் கூட வாத்துகள் கத்திக் காப்பாற்றின என்று பண்டைய வரலாறு கூறுகிறது. ஆனால் மலைப்பாம்புக்கு வாத்து நல்ல உணவு. இரவில் கம்பி வலையிட்ட கொட்டகை கட்டாயம் தேவை.

அச்சமும் துணையும்

ஆஸ்திரிய நாட்டறிஞர் கொன்ராட் லோரென்ஸ், முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சு தான் முதலிற் காணும் அசையும் உருவையே தாயெனக் கொண்டு பின்தொடர்வதை ஆராய்ந்து விளக்கினார். விலங்கு நடத்தை ஆராய்ச்சிக்காக 1973இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வாத்து தன் துணையை நெடுநாள் பிரியாது. கூட்டத்தை நினைவில் வைத்திருக்கும். நோயுற்றதைப் பிரித்தாலும் கூட்டத்தின் பார்வையில் வைக்கச் சொன்னது இதனால்தான். பிள்ளைகளின் ஆசைக்கென ஒரே ஒரு குஞ்சை வாங்கி வராதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றதும் அது நாள் முழுதும் கதறும்.

அச்சத்தை அளக்க எளிய வழியுண்டு. கையை அசைக்காமல், இயல்பான நடையில் கூட்டத்தை நோக்கிச் செல்க. எத்தனை அடி தூரத்தில் அவை விலகத் தொடங்குகின்றன எனக் குறித்துக் கொள்க. அத்தூரம் வாரத்திற்கு வாரம் கூடினால், யாரோ கல்லெறிகிறார்கள், அல்லது நாய் துரத்துகிறது, அல்லது பிடிக்கும் முறை தவறு. முன்வந்து சீறும் ஆண் பறவை நலமுள்ள பறவை; அதனைக் குறையாக எழுத வேண்டா. எப்போதும் இரைச்சலிடும் கூட்டம் ஒருநாள் அமைதியாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழக்கம் ஒழிய வேண்டும். கனத்த உடலின் எடை இடுப்பு மூட்டை இழுத்து விலக்கிவிடும். கழுத்தின் அடியை மென்மையாகப் பற்றி, மறு கையால் இறக்கையோடு சேர்த்து உடலைத் தாங்கி, கையிடுக்கில் அணைத்துத் தூக்குவதே முறை. அயல்நாடுகள் சிலவற்றில் ஈரல் வீங்குவதற்கென வாத்தின் தொண்டையில் குழாய் செலுத்தித் தீவனம் திணிக்கின்றனர். இந்தியா அத்தகைய ஈரலின் இறக்குமதியை 2014இல் தடை செய்தது. நம் வீடுகளில் அவ்வழக்கம் இல்லை என்று பெருமை கொள்வோர், தலைகீழாகத் தொங்கும் வாத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

பறவைக் காய்ச்சல்

இறுதியாக ஒன்று, இதில் பறவையின் உயிரோடு மனித உயிரும் அடங்கியுள்ளது. இன்று உலகெங்கும் அஞ்சப்படும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கிருமியின் மூல வகை 1996இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஒரு பண்ணை வாத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டில் ஹாங்காங்கில் 18 பேரைத் தாக்கி 6 பேரின் உயிரைக் குடித்தது. நம் நாட்டில் 2004 ஆகஸ்டில் கிளந்தானில் கோழிகளிடையே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 2017இல் மீண்டும் அம்மாநிலத்தில் தோன்றியது.

கோழி இக்கிருமியால் விரைவில் மடியும். நீர்ப்பறவையோ சில வேளைகளில் நோயின் குறியே காட்டாமல் கிருமியைச் சுமந்து திரியும். ஆகையால், வாத்துகள் நலமாகத் தோன்ற அருகிலுள்ள கோழிகள் திடீரெனச் சாகத் தொடங்கினால், அது வாத்திற்கு நற்சான்று ஆகாது. வாத்தும் கோழியும் ஒரே கொட்டகையிலும் ஒரே தண்ணீரிலும் இருத்தல் ஆகாது. புதிதாக வாங்கியவற்றை இரண்டு வாரங்களாவது தனியே வைத்துக் கவனித்த பின்னரே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். கழுத்து முறுகுதல், வட்டமிட்டுச் சுற்றுதல், கண் வெளுத்தல், ஒரே நாளில் பல பறவைகள் இறத்தல் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும், எஞ்சியவற்றை அவசரமாக அறுத்து விற்கவோ சமைக்கவோ அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவோ கூடாது. இறந்ததைப் பிள்ளைகள் தொடாதபடி மூடி வைத்து, கை கழுவிவிட்டு, தோட்ட நிருவாகத்திற்கும் சிகாமட் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்திற்கும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். அதிகாரி வரும்போது, நீங்கள் நாள்தோறும் எழுதி வந்த அக்குறிப்பேட்டை அவரிடம் காட்டுங்கள். எந்த நாளில் எத்தனை பறவைகள் நடை தளர்ந்தன, எவை தீவனம் மறுத்தன, புதிய பறவை எப்போது வந்தது என்பவற்றையே அவர் முதலில் கேட்பார்.